தயங்கு, தடுமாறு, ஊசலாடு: முடிவுக்கு வராத மனதை எந்த வினையால் எழுதுவது? முழுமையான வழிகாட்டி

கதையோ கட்டுரையோ, அதில் யாராவது முடிவெடுக்காமல் நின்றால் உடனே ‘தயங்கினான்’ என்று எழுதிவிடும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. காதலைச் சொல்ல வந்தவன் தயங்குகிறான். இரண்டு கல்லூரியில் இடம் கிடைத்து, எதில் சேர்வது என்று தெரியாதவளும் தயங்குகிறாள். சீட்டுப் பணத்தை அடுத்த வாரம் தருகிறேன் என்று மாதக்கணக்கில் சொல்லிக்கொண்டிருப்பவரும் தயங்குகிறார். இந்த மூன்று பேரில் உண்மையில் தயங்குகிறவன் முதல் ஆள் மட்டும்தான். இரண்டாமவள் தடுமாறுகிறாள். மூன்றாமவர் இழுத்தடிக்கிறார்.

பிரதி திருத்தும் வேலையில் இருப்பதால் இந்த ஒரு சொல்லோடு எனக்குத் தினமும் மல்லுக்கட்டு. அதனால் ‘தயங்கு’ என்ற வினையை மையமாக வைத்து, அதன் பொருள், வாக்கியத்தில் அது உட்காரும் விதம், ஒற்று, எதிர்மறை, அதன் பங்காளிச் சொற்கள், பேச்சில் அதற்குப் பதில் நாம் சொல்பவை என்று ஒவ்வொரு படியாகப் போகலாம். எழுதுகிறவர்களுக்கும், மொழிபெயர்க்கிறவர்களுக்கும், தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்குச் சொல்லித் தருகிறவர்களுக்கும் இது உதவும்.

படி 1: எதிரில் இருப்பது ஒரு செயலா, பல வழிகளா?

தயங்குகிறவனுக்கு என்ன செய்ய வேண்டும் என்பது தெரியும். அதைச் செய்வதற்கு ஒரு அடி முன்னால் மனம் பிடித்து நிறுத்துகிறது, அவ்வளவுதான். காரணம் பயமாக இருக்கலாம், கூச்சமாக இருக்கலாம், பெரியவர் முன்னால் எப்படி என்ற மரியாதையாக இருக்கலாம், கையில் காசு குறைவு என்பதாகவும் இருக்கலாம். எதுவானாலும் அவன் முன்னால் இருக்கும் செயல் ஒன்றுதான். அவன் மனதில் ஓடும் கேள்வி, ‘செய்யலாமா, வேண்டாமா?’

‘மாமாவிடம் பணம் கேட்கத் தயங்கினான்.’ இங்கே கேட்பது என்ற ஒரே செயல். யாரிடம் கேட்பது, எவ்வளவு கேட்பது என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். வாய்தான் வரவில்லை.

‘மாமாவிடம் கேட்பதா, சித்தப்பாவிடம் கேட்பதா என்று தயங்கினான்.’ இந்த இடத்தில் வாக்கியம் லேசாக நொண்டுகிறது. தவறு என்று அடித்துவிட முடியாது; இப்படியும் எழுதுகிறார்கள். ஆனால் இங்கே கேள்வி ‘எவர்?’ என்று மாறிவிட்டது. ‘தடுமாறினான்’ அல்லது ‘குழம்பினான்’ என்று போட்டால் வாக்கியம் நிமிர்ந்துகொள்ளும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். ‘தயங்கினான்’ இருக்கும் இடத்தில் ‘செய்யலாமா வேண்டாமா என்று நின்றான்’ என்பதை வைத்துப் படித்துப் பாருங்கள். பொருந்தினால் விட்டுவிடலாம். ‘எதைச் செய்வது என்று நின்றான்’ என்பதுதான் பொருந்துகிறது என்றால் வேறு வினை தேட வேண்டும்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். தயக்கம் பெரும்பாலும் சின்ன நேரம்: வாசல்படியில், தொலைபேசியை எடுக்கும் முன், கையெழுத்துப் போடும் முன். ‘ஐந்து வருஷமாக வீடு கட்டத் தயங்கினார்’ என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஏதோ பெரிய பயம் இருந்ததாகத் தோன்றும். வெறுமனே செய்யாமல் விட்டிருந்தால் ‘தள்ளிப்போட்டார்’ என்பதே போதும்.

பழைய பொருள் பற்றி ஒரு வார்த்தை

சங்கப் பாடல்களைப் படிக்கிறவர்கள் ‘தயங்கு திரை’ என்ற தொடரைப் பார்த்திருப்பார்கள். அங்கே கடலலை எதற்கும் தயங்கி நிற்கவில்லை. தயங்குதல் என்றால் அந்தக் காலத்தில் அசைதல், ஒளிவிடுதல். அலை அசைந்தால் தயங்கியது, இலை ஆடினால் தயங்கியது, அணிகலன் மின்னினால் தயங்கியது. அசைந்துகொண்டே இருப்பதைச் சொன்ன சொல், இன்று நகராமல் நிற்பவனைச் சொல்கிறது. அசைவு வெளியிலிருந்து மனதுக்குள் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் நடைமுறைப் பயன் ஒன்றுதான். பழைய செய்யுளில் இந்தச் சொல் வந்தால் இன்றைய பொருளை அதன் மேல் ஏற்றாதீர்கள். இன்று கவிதை எழுதுகிறவர் ‘தயங்கும் விளக்கு’ என்று எழுதினால் வாசகர் மனதில் வருவது மின்னும் விளக்கு இல்லை, அணையப் போகும் விளக்கு. பழைய பொருளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகனையும், இன்றைய பொருளுக்குக் க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதியையும் பார்க்கிற வழக்கம் வைத்துக்கொண்டால் இந்த மாதிரிக் குழப்பம் வராது.

படி 2: வாக்கியத்தில் உட்கார வைப்பது

‘தயங்கு’ செயப்படுபொருளை ஏற்காத வினை. ‘முடிவைத் தயங்கினார்’, ‘பதிலைத் தயங்கினாள்’ என்றெல்லாம் வராது. தயங்கப்படும் செயல் பெரும்பாலும் ‘செய’ என்ற எச்ச வடிவில் முன்னால் வரும்: முடிவெடுக்கத் தயங்கினார், பதில் சொல்லத் தயங்கினாள், உள்ளே நுழையத் தயங்கினான்.

இன்னொரு வடிவம் ‘-வதற்கு’: பதில் சொல்வதற்குத் தயங்கினாள். பொருளில் பெரிய மாற்றம் இல்லை. முதல் வடிவம் இறுக்கமாக இருக்கும், இரண்டாவது கொஞ்சம் நீட்டி இழுக்கும். நீளமான வாக்கியத்தில், தயங்கும் செயலுக்கும் ‘தயங்கு’வுக்கும் நடுவே வேறு சொற்கள் வந்துவிட்டால், ‘-வதற்கு’ கை கொடுக்கும்: ‘இவ்வளவு பெரிய தொகைக்குக் கையெழுத்துப் போடுவதற்கு அவரே கொஞ்சம் தயங்கினார்.’

பெயராக வரும்போது ‘-வதில்’ சேரும்: ‘கையெழுத்துப் போடுவதில் அவருக்குத் தயக்கம் இருந்தது.’ இதில் ஆள் எழுவாயாக இல்லாமல் ‘அவருக்கு’ ஆகிவிடுவதைப் பாருங்கள். ‘அவர் தயங்கினார்’ என்றால் அந்த நேரத்தில் பேனா நின்றது. ‘அவருக்குத் தயக்கம் இருந்தது’ என்றால் வீட்டிலிருந்து கிளம்பும்போதே இருந்திருக்கலாம். பேனா நிற்காமலேயே கையெழுத்தும் போட்டிருக்கலாம். கதை எழுதுகிறவர்களுக்கு இந்த வித்தியாசம் நிறைய உதவும்.

நிறுவனங்களுக்கு ‘தயக்கம் காட்டு’ என்று ஒரு கூட்டு வினை செய்தித்தாள்களில் நிலைத்துவிட்டது: ‘கல்விக் கடன் வழங்க வங்கிகள் தயக்கம் காட்டுகின்றன.’ வங்கிக்கு மனம் இல்லை, அதனால் காட்டத்தான் முடியும் என்று கிண்டலாகச் சொல்லலாம். ஆனால் சொல் சரியாகத்தான் வேலை செய்கிறது: உள்ளே என்ன என்று தெரியாது, வெளியே தெரிவதை மட்டும் எழுதுகிறோம். மனிதர்களுக்கும் இதே அளவில் பயன்படுத்தலாம். ‘அவன் பதில் சொல்லத் தயக்கம் காட்டினான்’ என்றால் அவன் நடிக்கவும் செய்யலாம் என்ற ஒரு வாசல் திறந்திருக்கிறது.

யாரோ எதுவோ காரணமாக நின்றால் ‘தயங்க வைத்தது’, ‘தயங்கச் செய்தது’. மயங்கு – மயக்கு, அடங்கு – அடக்கு, கலங்கு – கலக்கு என்பது மாதிரி ‘தயக்கு’ என்று ஒரு பிறவினை இன்றைய எழுத்தில் இல்லை. கேட்டால் சரியாக இருக்கிற மாதிரி ஒலிக்கிறதே என்று புதிதாக ஆரம்பித்துவிட வேண்டாம்.

படி 3: வடிவங்களும் ஒற்றும்

வடிவங்களில் சிரமம் ஒன்றும் இல்லை. தயங்குகிறேன், தயங்கினேன், தயங்குவேன். எச்சங்கள்: தயங்கி, தயங்க, தயங்காமல், தயங்காது, தயங்கிய, தயங்குகிற, தயங்காத. பேச்சில் ‘தயங்குறான்’, ‘தயங்குனான்’. உரையாடலில் இவற்றை அப்படியே எழுதலாம். கதைசொல்லியின் குரலில் எழுத்து வடிவமே வரட்டும். ‘தயங்கிறான்’ என்று எழுத்து வடிவத்துக்கும் பேச்சுக்கும் நடுவில் ஒன்றை எழுதுகிறார்கள், அது இரண்டிலும் சேராது.

பெயர் ‘தயக்கம்’. மயங்கு – மயக்கம், இயங்கு – இயக்கம், முழங்கு – முழக்கம், இணங்கு – இணக்கம், சுணங்கு – சுணக்கம் என்று ஒரு பெரிய குடும்பமே இந்த வழியில் போகிறது. கற்றுக்கொள்கிறவர்களுக்கு இந்த வரிசையை ஒருமுறை சொல்லிக் கொடுத்துவிட்டால் பிறகு தாங்களே பிடித்துக்கொள்வார்கள்.

ஒற்றில்தான் அதிகம் வழுக்குகிறது. ‘சொல்ல தயங்கினாள்’ என்று ‘த்’ விட்டுப் போவதைப் பிரதிக்குப் பிரதி பார்க்கலாம். ‘செய’ என்னும் வாய்பாட்டு எச்சத்துக்குப் பின் வல்லினம் மிகும் என்பது விதி. ‘தயங்கு’ தகரத்தில் தொடங்குவதால் இங்கே விதிவிலக்கே வர வாய்ப்பில்லை: சொல்லத் தயங்கினாள், கேட்கத் தயங்கினாள், போகத் தயங்கினாள், கொடுக்கத் தயங்கினாள். கண்ணை மூடிக்கொண்டு ‘த்’ போடலாம். நான்காம் வேற்றுமையிலும் அப்படியே: சொல்வதற்குத் தயங்கினாள், எதற்குத் தயங்குகிறாய்?

அடுத்து, தயங்கி என்பதற்குப் பின்னால் என்ன வருகிறது என்று பார்க்க வேண்டும். தயங்கிச் சொன்னாள், தயங்கிக் கேட்டாள், தயங்கிப் பேசினாள் என்று வல்லினம் மிகும். ‘தயங்கி நின்றாள்’ என்பதில் ஒன்றும் வராது. ‘தயங்காமல் கேட்டாள்’, ‘தயங்காது கேட்டாள்’ இரண்டிலும் ஒற்று வேண்டாம். இரட்டித்து எழுதும்போது ‘தயங்கித் தயங்கி’, ‘திரும்பத் திரும்ப’ மாதிரி.

படி 4: எதிர்மறையில் வேறு முகம்

இந்தச் சொல்லை நாம் அதிகம் கேட்பது எதிர்மறையில்தான் என்று எனக்கு ஒரு எண்ணம். மேடையில், அறிக்கையில், அறிவிப்புப் பலகையில் எல்லாம் ‘தயங்க மாட்டோம்’, ‘தயங்காது’, ‘தயங்காமல்’.

‘சட்டப்படி நடவடிக்கை எடுக்க அரசு தயங்காது’ என்பது மிரட்டல். அதே வினை ‘சந்தேகம் இருந்தால் தயங்காமல் கேளுங்கள்’ என்றால் அழைப்பு. ஒன்றில் தயங்காதவர் பேசுகிறவர், இன்னொன்றில் கேட்கிறவர். தன்மையில் வந்தால் வீரம், முன்னிலையில் வந்தால் அன்பு என்று தோராயமாகச் சொல்லலாம்.

‘மேலும் விவரங்களுக்குத் தயங்காமல் தொடர்புகொள்ளவும்’ என்று விளம்பரத்தின் அடியில் வருவது ஆங்கிலக் கடித மரபிலிருந்து இறங்கியது. வந்து உட்கார்ந்துவிட்டது, இனி அதை எழுப்பப் போவதில்லை. ஆனால் அதை எல்லா இடத்துக்கும் இழுத்துக்கொண்டு போவதுதான் உறுத்துகிறது. வீட்டுக்கு வந்தவருக்கு இலை போட்டுப் பரிமாறும்போது யாரும் ‘தயங்காமல் சாப்பிடுங்கள்’ என்று சொல்வதில்லை. ‘கூச்சப்படாம சாப்பிடுங்க’ என்றுதான் சொல்வோம். குழந்தையிடம் ‘வெட்கப்படாம பாடு’. வாடிக்கையாளரிடம் ‘சும்மா எடுத்துப் பாருங்கம்மா, வாங்கணும்னு இல்ல’. எதனால் நிற்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து அந்தக் காரணத்தின் பெயரையே சொல்வது நம் பேச்சின் வழக்கம். ஒரு பாட்டியின் வாயில் ‘தயங்காமல் சாப்பிடு கண்ணு’ என்று எழுதினால் அந்தப் பாட்டி உடனே தொலைக்காட்சித் தொகுப்பாளினி ஆகிவிடுவார்.

படி 5: பங்காளிச் சொற்களைப் பிரித்து அறிவது

ஜவுளிக்கடைக்குப் போவோம். கடைக்காரர் இரண்டு புடவையை விரித்துப் போட்டிருக்கிறார். ஒன்று மயில்கழுத்து நிறம், ஒன்று அரக்கு. எதிரே நிற்பவள் எடுக்காமல் நிற்கிறாள். அவள் ஏன் நிற்கிறாள் என்பதைப் பொறுத்து வினை மாறும்.

‘எதை எடுப்பது என்று தடுமாறினாள்.’ இரண்டும் பிடித்திருக்கிறது, தேர்ந்தெடுக்க முடியவில்லை.

‘அரக்கை எடுக்கத் தயங்கினாள்.’ தேர்வு முடிந்துவிட்டது. விலையோ, மாமியார் என்ன சொல்வாரோ என்பதோ, கை போகவில்லை.

‘மயில்கழுத்துக்கும் அரக்குக்கும் நடுவே மனம் ஊசலாடியது.’ ஒரு நிமிஷம் இது, அடுத்த நிமிஷம் அது.

‘விலைச்சீட்டைப் பார்த்து மலைத்துப் போனாள்.’ தொகையின் அளவு அவளை நிறுத்திவிட்டது.

‘தள்ளுபடி போக எவ்வளவு, ஜிஎஸ்டி சேர்த்தா சேர்க்காமலா என்று கேட்டுக் குழம்பினாள்.’ விஷயம் தெளிவாகவில்லை. தெளிவானால் முடிவு தானாக வந்துவிடும்.

‘பில் போடும் நேரத்தில் பின்வாங்கினாள்.’ முடிவெடுத்த பிறகு விலகினாள். இது தயக்கத்துக்கு அடுத்த கட்டம்; தயங்கியவர்கள் எல்லோரும் பின்வாங்குவதில்லை.

‘அடுத்த வாரம் வருகிறேன் என்று தள்ளிப்போட்டாள்.’ இதை விளக்க வேண்டியதில்லை. கடைக்காரருக்கே தெரியும்.

இதில் இரண்டை மட்டும் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்.

தடுமாறு உடம்பிலிருந்து வருகிற சொல். முதலில் கால் தடுமாறுகிறது, பிறகு நாக்கு தடுமாறுகிறது, அப்புறம்தான் மனம். அதனால் இந்த வினை வந்தால் நிலை குலைந்த உணர்வு கூடவே வரும். தயங்குகிறவன் உறுதியாக நின்றுகொண்டே தயங்கலாம். தடுமாறுகிறவன் உறுதியாக நிற்க முடியாது. நேர்காணலில் ‘பதில் சொல்லத் தயங்கினார்’ என்றால் பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தார் என்று வாசகர் எடுத்துக்கொள்வார். ‘பதில் சொல்லத் தடுமாறினார்’ என்றால் பதில் தெரியவில்லை, அல்லது வசமாக மாட்டிக்கொண்டார். ஒரே ஒரு வினையை மாற்றியதில் ஒரு மனிதரின் நேர்மை பற்றிய தீர்ப்பே மாறிவிடுகிறது. செய்தி எழுதுகிறவர்கள் இந்த இடத்தில் அவசரப்படக் கூடாது.

தடுமாறு ஒழுக்கத்தின் பக்கமும் சாயும். ‘அந்த வயதில் கொஞ்சம் தடுமாறிவிட்டான்’ என்று ஒரு பெரியவர் சொன்னால் அது புடவைத் தேர்வைப் பற்றி இல்லை என்பது கேட்கிறவருக்குப் புரியும். இதே எல்லையில் ‘சபலம்’ நிற்கிறது. மனம் நிலையில்லாமல் இருப்பதைச் சொல்ல ‘சஞ்சலம்’ என்று எழுத வந்து ‘சபலம்’ என்று எழுதியவர்களைப் பார்த்திருக்கிறேன். சஞ்சலம் கவலையோடு சேர்ந்தது, சபலம் ஆசையோடு சேர்ந்தது. ‘வேலையை விடுவதா என்று அவருக்கு ஒரே சபலம்’ என்று எழுதினால் அலுவலகத்தில் வேறு ஏதோ நடக்கிறது என்று ஆகிவிடும்.

ஊசலாடு என்பதில் ஊசல் என்றால் ஊஞ்சல். பள்ளி இயற்பியலில் ‘தனி ஊசல்’ என்று படித்தோமே, அதே சொல். (ஊசிப்போன சாம்பாருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை.) இந்த வினைக்கு எழுவாயாக ஆளைப் போடாமல் மனதைப் போடுவது நல்லது. ‘அவர் ஊசலாடினார்’ என்றால் எதையோ பிடித்துத் தொங்கினார் என்று படம் விரிகிறது. ‘அவர் மனம் ஊசலாடியது’ என்றால் சரியாக வருகிறது. ‘உயிர் ஊசலாடுகிறது’ என்பது தனி வழக்கு; அங்கே முடிவெடுப்பதே இல்லை, சாவா பிழைப்பா என்ற நிலை. இரண்டு முனைகள் என்ன என்று வாசகருக்குத் தெரிந்திருந்தால்தான் ஊசலாட்டம் எடுபடும். ‘மனம் ஊசலாடியது’ என்று எதற்கும் எதற்கும் நடுவே என்று சொல்லாமல் விடுவது வெற்று அலங்காரம்.

இழுத்தடி பற்றி ஒன்றே ஒன்று: அதில் எதிராளி ஒருவர் இருக்க வேண்டும். தன் வேலையைத் தானே தள்ளிப்போடலாம். இழுத்தடிப்பது இன்னொருவரை, அதுவும் தெரிந்தே. பட்டாவுக்கு அலைகிறவரைக் கேட்டால் இந்தச் சொல்லின் முழுப் பொருளும் கிடைக்கும்.

படி 6: வாய்ப்பேச்சில் என்ன சொல்கிறோம்?

தெருவிலும் வீட்டிலும் ‘தயங்கு’ அவ்வளவாகக் கேட்காது. ‘நான் தயங்குகிறேன்’ என்று தன்னைப் பற்றியே சொல்கிறவரை நேர்ப்பேச்சில் காண்பது அரிது. ‘எனக்கு ஒரு மாதிரி இருக்கு’, ‘கொஞ்சம் யோசனையா இருக்கு’, ‘ரெண்டு மனசா இருக்கு’ என்றுதான் வரும். பிறரைப் பற்றி என்றால் அந்த இடத்தைப் பிடித்திருப்பது ‘யோசி’.

பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு பையனின் அப்பாவும் தரகரும் பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

“என்னண்ணே, பொண்ணு வீட்ல என்ன சொல்றாங்க?”

“பையன பிடிச்சிருக்குன்னுதான் சொல்றாங்க. துபாய்னதும்தான் கொஞ்சம் யோசிக்கிறாங்க.”

“யோசிக்கிறாங்கன்னா?”

“ரெண்டு நாள் போகட்டும்ணே. நான் பக்குவமா பேசிப் பாக்குறேன்.”

இந்த ‘யோசிக்கிறாங்க’வுக்கு மூளையை உபயோகிப்பதோடு தொடர்பு குறைவு. தயங்குகிறார்கள் என்பதுதான் பொருள், சில வீடுகளில் ‘மாட்டோம்’ என்பதன் நாகரிக வடிவமும்கூட. இதைச் ‘சிந்திக்கிறார்கள்’ என்று எழுதினால் பொருளே போய்விடும். ‘பத்து ரூபாய் குடுக்க யோசிக்கிறான்’ என்றால் அவன் கஞ்சன். ‘நூறு தடவை யோசிப்பான்’ என்றால் லேசில் செய்ய மாட்டான்.

இலங்கைத் தமிழர் காதில் இதே சொல் வேறு மாதிரி விழும். யாழ்ப்பாணத்தில் ‘ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ’ என்றால் கவலைப்படாதீர்கள் என்று அர்த்தம். அங்கே ‘அம்மா யோசிக்கிறா’ என்பதை இங்கத்தைய காதால் கேட்டு ‘அம்மா தயங்குகிறார்’ என்று புரிந்துகொண்டால் கதை வேறு பக்கம் போய்விடும்.

பேச்சைத் தொடங்கும் முன் வரும் தயக்கத்துக்கு ‘இழு’ இருக்கிறது: “வந்து… நான் என்ன சொல்ல வந்தேன்னா…” என்று இழுத்தான். இந்த ‘வந்து’வைக் கவனித்திருப்பீர்கள். அதற்குத் தனிப் பொருள் கிடையாது, தயக்கத்தின் ஒலி அது. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் அடக்கினால் ‘மென்று விழுங்கினான்’. பிடி கொடுக்காமல் பேசினால் ‘வழவழா கொழகொழா’. இந்தக் கடைசிச் சொல்லில் ஏச்சு இருக்கிறது: ‘வழவழா கொழகொழான்னு பேசாத, வருவியா மாட்டியா?’ அதனால் பெரியவர்களைப் பற்றி எழுதும்போது யார் வாயில் வைக்கிறோம் என்று பார்த்து வைக்க வேண்டும்.

படி 7: மரபுத் தொடர்கள்

இவற்றை ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் போடுகிறார்கள், அதுதான் தொல்லை.

‘மதில்மேல் பூனை’ எந்தப் பக்கம் குதிக்கும் என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. பூனைக்குத் தெரிந்திருக்கலாம்! அதனால்தான் தேர்தல் நேரத்தில் கூட்டணி பேசும் கட்சிகளுக்கு இது அவ்வளவு பொருந்துகிறது. மனம் நொந்து முடிவெடுக்க முடியாமல் தவிக்கிற பெண்ணை மதில்மேல் பூனை என்று எழுதினால் அவளைக் கணக்குப் போடுகிறவளாக ஆக்கிவிடுகிறோம்.

‘ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால்’ என்பவர் முடிவெடுக்காமல் இரண்டிலும் இறங்கிவிட்டவர். வேலையையும் விடவில்லை, கடையையும் திறந்துவிட்டார். ‘இருதலைக்கொள்ளி எறும்பு’ எந்தப் பக்கம் போனாலும் சுடும். தாய்க்கும் தாரத்துக்கும் நடுவில் நிற்பவருக்கு இதைச் சொல்வார்கள். இங்கே தயக்கம் குணத்தால் வரவில்லை, நிலைமையால் வந்தது. ‘திரிசங்கு சொர்க்கம்’ என்றால் முடிவெடுக்க வேண்டியவர்கள் வேறு யாரோ, நடுவில் தொங்குகிறவர் இவர்: தேர்வு முடிந்து நியமன ஆணை வராமல் காத்திருக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

படி 8: எதிர்ச்சொல்

‘தயங்கு’வுக்கு எதிர்ச்சொல் ‘துணி’. இன்று துணிதல் என்றால் தைரியம் என்ற எண்ணம் முன்னால் வந்து நிற்கிறது. பழைய பொருளில் முடிவு செய்தல் என்பதே அடிப்படை. ‘எண்ணித் துணிக கருமம்’ (குறள் 467) என்பதில் வீரம் பேசப்படவில்லை. யோசித்து முடித்துவிட்டு இறங்கு, இறங்கிய பிறகு யோசிக்கலாம் என்பது குற்றம் என்கிறது அந்தக் குறள். இன்றும் ‘துணிந்துவிட்டான்’ என்றால் ‘முடிவெடுத்துவிட்டான், இனி தடுத்துப் பயனில்லை’ என்ற பழைய வாசனை மிச்சம் இருக்கிறது. ‘துணிச்சல்’ வேறு, அதில் சில சமயம் திட்டும் சேர்ந்து வரும்: ‘என்ன துணிச்சல் உனக்கு!’

தாமதத்தைக் குறிக்க அந்தக் காலத்தில் ‘தூங்கு’ இருந்தது. ‘தூங்குக தூங்கிச் செயற்பால’ (குறள் 672) என்றால் ஆறப்போட்டுச் செய்ய வேண்டியவற்றை ஆறப்போடு என்று அர்த்தம். மேசையில் தலை வைத்துப் படுக்க யாரும் அனுமதி தரவில்லை. ‘கோப்பு அந்த அலுவலகத்தில் தூங்குகிறது’ என்று இன்று எழுதும்போது நமக்குத் தெரியாமலே அந்தப் பழைய பொருளுக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம்.

படி 9: ஒரு பத்தியைத் திருத்திப் பார்ப்போம்

பாடத்துக்காக நானே எழுதிய பத்தி இது:

‘ரகு கதவைத் தட்ட தயங்கினான். உள்ளே அப்பா இருப்பாரா, அண்ணன் இருப்பானா என்று தயங்கினான். வேலையை விட்டுவிட்டதைச் சொல்வதா, விடுப்பில் வந்ததாகச் சொல்வதா என்று தயங்கினான். கதவு திறந்தது. “என்னடா இந்த நேரத்தில்?” என்றார் அப்பா. “அப்பா, நான் தயங்காமல் சொல்லிவிடுகிறேன்” என்று தயக்கத்துடன் சொன்னான்.’

முதல் வாக்கியம் சரி, ‘தட்டத் தயங்கினான்’ என்று ஒற்று மட்டும் சேர வேண்டும். இரண்டாவதில் அவன் தயங்கவே இல்லை, யார் இருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறான். வினையே வேண்டாம், கேள்வியை மட்டும் வைத்தால் போதும். மூன்றாவதில் இரண்டு வழிகள் வந்துவிட்டன. ஊசலாடு இங்கே பொருந்தும், முனைகள் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. கடைசி வாக்கியத்தில் ‘தயங்காமல் சொல்லிவிடுகிறேன்’ என்று எந்த மகனும் அப்பாவிடம் பேச மாட்டான். ‘தயக்கத்துடன்’ என்பதும் தேவையில்லை, அவன் பேச்சே அதைக் காட்டிவிடும்.

‘ரகு கதவைத் தட்டத் தயங்கினான். உள்ளே அப்பாவா, அண்ணனா? வேலையை விட்டுவிட்டதைச் சொல்லிவிடுவதா, விடுப்பில் வந்ததாகச் சொல்லிச் சமாளிப்பதா என்று ரயிலேறியதிலிருந்து மனம் ஊசலாடிக்கொண்டே வந்தது. கதவு திறந்தது.

“என்னடா இந்த நேரத்துல?” என்றார் அப்பா.

“இல்லப்பா… வந்து… லீவு…” என்று இழுத்தான்.

அப்பா அவன் கையிலிருந்த பெரிய பெட்டியைப் பார்த்தார்.’

ஐந்து தயக்கத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. அதுவும் கதவுக்கு முன்னால், ஒரே ஒரு செயலுக்கு முன்னால் நிற்கிறது. உங்கள் பிரதியில் ‘தயங்’ என்று தேடிப் பாருங்கள். கணினியில் தேடும்போது ‘தயக்’ என்பதையும் தனியாகத் தேட வேண்டும், இல்லாவிட்டால் பெயர்ச்சொற்கள் தப்பித்துவிடும்.